தோசைக்கல்லோடு முன்வரிசையில்

நிற்கிறாள். பெரியப்பா ஓங்கி ஒரு குத்து விட்டார், நிற்கிறாள்; உடம்பை முறுக்கித் திரும்பி வாலால் ஒரு விளாசு விளாசினார், அதற்கும் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பொள்ளாச்சியே குப்புறப் படுத்து உறங்குகிற நேரம். கடைசி அறையில் ஃபேனுக்கு நேர் கீழே நாற்காலியை இழுத்துப் போட்டு, காதில் ஹெட்போனை மாட்டி, இடது கை விரல்கள் நான்கு விசைகளிலும் வலது கை மவுஸிலுமாக, நூல் மில்லின் சம்பளப் பிரிவில் வேலை பார்க்கிற சுலோச்சனா, நாற்பத்தேழு வயது, திரையில் ஒரு பூதத்தின் முகத்துக்கு நேராகக் கேடயத்தைத் தூக்கிப் பிடித்து நிற்கிறாள். அந்தப் பூதத்துக்கு விளையாட்டை உருவாக்கியவன் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையாது; அடிப்பதற்கு முன்னால் ஒரு பாட்டம் உறுமித் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் கை வைக்கும் என்பதால் இவர்களுக்கு அது பெரியப்பா. "அக்கா, தாங்குதா?" என்று காதுக்குள் குபேந்திரன். மதுரையில் கூரியர் ஆபீஸ் வைத்திருக்கிறவன், கில்டு என்று சொல்லிக்கொள்கிற இந்தப் பத்துப் பேர் குழுவுக்குத் தலைவன், தலைவன் என்பதால் பத்துப் பேருக்கும் சேர்த்துப் பதறுகிறவன். "தாங்குது தாங்குது, நீ உன்ற வேலையப் பாரு" என்கிறாள், சொல்லும்போதே உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து ஒட்டிக்கொள்கிறது, ஏனென்றால் போன வாரம் இதே காதுக்குள் இதே குபேந்திரன்தான் சொன்னான், "கோச்சுக்காதீங்கக்கா, பெரியப்பாவுக்கு முன்னாடி மொத ஆளா நிக்கிறவங்க கையில மார்க்கெட்ல வாங்குன நல்ல கேடயம் இருக்கணும். இல்ல, நானே செஞ்சத வச்சுத்தான் நிப்பேன்னு நீங்க அடம்பிடிச்சா, சரி, ஒரே ஒரு ஞாயித்துக்கெழம. அன்னிக்கு நீங்க விழுந்துட்டீங்கன்னா அதுக்கப்புறம் முன்வரிசை ஜெயசீலனுக்கு. நீங்க பின்னாடி நின்னு அம்பு விடுங்க." அம்பு விடவாம். அவளை. மூன்று வருஷமாக இந்தக் குழுவில் யார் அடித்தாலும் முதல் அடியை வாங்கிக்கொண்டு நின்றவளை, பின்னால் போய் மரத்தடியில் நின்று அம்பு விடச் சொன்னான். சரி என்று அவளும் ஒத்துக்கொண்டாள், ஒத்துக்கொண்ட வாய் ஒரு வாரமாகக் கசந்தது, இப்போதுதான் அந்தக் கசப்பு கொஞ்சம் இறங்குகிறது.

நிற்பதற்கென்று ஒரு வேலை இருக்கிறது என்பதே அவளுக்கு இந்த விளையாட்டில்தான் தெரிந்தது. மற்றவர்கள் ஓடுவார்கள், தாவுவார்கள், நெருப்பை வீசுவார்கள். கேடயக்காரர் நின்றால் போதும். எதிரியின் கோபம் முழுவதையும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான், அந்த அவ்வளவுதானுக்குள் உயிர் போய் உயிர் வரும். மில்லின் மாடிப்படியில் உருண்டு கணுக்கால் எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்து, மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்த மூன்று மாதத்தில், கல்லூரி விடுதிக்குப் போன மகள் விட்டுப்போன கம்ப்யூட்டரில் பொழுது போகாமல் ஆரம்பித்தது இது. என்ன ஆளாக விளையாடப் போகிறீர்கள் என்று முதல் திரையில் கேட்டார்கள், வில்லாளி, மந்திரவாதி, வைத்தியர், கேடயக்காரர். பாத்ரூம் வரைக்கும் நடக்கக்கூட முடியாமல் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டிய நாட்கள் அவை. நிற்க முடியாதவள் நிற்கிற வேலையை அமுக்கினாள். அமுக்கிவிட்டுச் சிரித்ததும் நினைவிருக்கிறது, யாருமில்லாத அறையில் தனியாக. கால் சரியாகிவிட்டது, சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார், ரேஷன் கடை வரிசையில் கால் மணி நேரம் நின்றால் அந்தத் தகடு தன்னை ஞாபகப்படுத்தும், கல்யாண வீட்டில் பந்திக்கு நிற்கும்போது ஞாபகப்படுத்தும், "அதிக நேரம் நிக்காதீங்கம்மா" என்று டாக்டர் சொன்னதைக் கேட்டதிலிருந்து கணவர் பொன்னுசாமி எங்கே போனாலும் முதலில் இவளுக்கு ஒரு நாற்காலி தேடுகிறார், பிள்ளைகள் உட்கார்ந்திருந்தால் எழுப்பிவிட்டுக்கூட. நல்ல மனுஷர்தான். ஆனால் நாலு பேருக்கு நடுவில் நாற்காலி வந்து சேரும்போதெல்லாம் அவளுக்கு ஆத்திரமாக வரும். பெரியப்பா மறுபடி உறுமத் தொடங்குகிறார், வலது தோள் ஏறுகிறது, வலது தோள் ஏறினால் மேலிருந்து அடி, கேடயத்தை உயர்த்து. டங்கென்று ஒரு சத்தம். மார்க்கெட் கேடயங்கள் அடி வாங்கினால் கண்ணாடி வளையல் மாதிரி கிணுகிணுக்கும், இது டங்கென்றுதான் சொல்கிறது. கேட்கக் கேட்க ஆசையாக இருக்கிறது. இன்னொரு அடி போடேன் பெரியப்பா, போடு.

வட்டம், கறுப்பு, விளிம்பில் ஒரு பூ வேலை கிடையாது, நடுவில் சிங்கத் தலை கிடையாது. போன மாதம் முதன்முதலாக இதை மாட்டிக்கொண்டு குழுவின் கூடாரத்துக்கு வந்தபோது குபேந்திரன்தான் ஆரம்பித்தான், "என்னக்கா, தோசைக்கல்லத் தூக்கிட்டு வந்துட்டீங்க?" மற்ற ஒன்பது பேரும் சிரித்தார்கள், ஜெயசீலன் சிரித்துச் சிரித்து இருமினான், கனடாவில் இருக்கிற துஷ்யந்தன்கூட, வைத்தியர் வேலை பார்க்கிறவன், அதிர்ந்து பேசாத பிள்ளை, அவன்கூட, "ரெண்டு முட்டைத் தோசை ஊத்துங்கோ அக்கா" என்றான். செய்தவருக்குப் பெயர் வைக்கிற உரிமை உண்டு. அன்றைக்கே உலைக்களத்துக்குத் திரும்பிப் போய்ப் பெயர்ப் பெட்டியில் தோசைக்கல் என்று தட்டிவிட்டு வந்தாள், இப்போது கேடயத்தின் மேலே பொன்னிற எழுத்தில், செய்தவர் சுலோச்சனா என்பதற்கு மேலே, பெரிதாகத் தோசைக்கல் என்றுதான் மின்னுகிறது. சிரிக்கிறவர்கள் வாசித்துவிட்டுச் சிரிக்கட்டும். செய்தவர் சுலோச்சனா. அந்த வரியை அவள் எத்தனை முறை பார்த்திருப்பாள், பருப்பு வெந்துகொண்டிருக்கும்போது வந்து பார்ப்பாள், துணியை மெஷினில் போட்டுவிட்டு வந்து பார்ப்பாள். மில்லில் அவள் இருபது வருஷமாகப் போடுகிற சம்பளக் கணக்கில் எந்தத் தாளிலும் அவள் பெயர் வராது, மேனேஜர் பெயர்தான் வரும்; அதற்காக அவள் வருத்தப்பட்டதாகவும் நினைவில்லை, ஆனால் இந்த ஒரு வரியைப் பார்க்கும்போது மட்டும் இத்தனை வருஷமாக வருத்தப்பட்டிருக்கலாமோ என்று தோன்றிவிடுகிறது.

இதற்கு முன்னால் ஒன்று செய்தாளே, அதை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. லெவல் முப்பதில் இருந்த காலம், விளையாட வந்த புதிது, உலையையும் பட்டறைக்கல்லையும் கண்டதும் கை பரபரத்து, இரும்புக் கல் பொறுக்கி, கரி பொறுக்கி, ஓநாய்த் தோல் உரித்து, ஒரு மாதம் மாடாய் உழைத்து ஒரு கேடயத்தைச் செய்து மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். வந்தால் வழியில் ஒரு ஆட்டுத்தலைத் திருடன். இரண்டு தட்டுத் தட்டினால் செத்து விழுகிற சோப்ளாங்கி. அவன் மடியிலிருந்து உருண்டு விழுந்தது பார் ஒரு கேடயம், இவள் ஒரு மாதம் செய்ததைப் போல இரண்டு பங்கு உறுதி, ஓசியில். கையில் ஒன்று, காலடியில் ஒன்று, எதை விடுவது என்று தெரியாமல் அந்தப் பொட்டல்வெளியில் அவள் நின்றதைக் குழுவில் எல்லோரும் பார்த்தார்கள். "கிராஃப்டிங் எல்லாம் வேஸ்டுக்கா" என்றான் குபேந்திரன், "வேலையத்த வேலை. விழுறத எடுத்து மாட்டிக்கிட்டு அங்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கணும்." அவன் சொன்னது சரி, அதுதான் குத்தியது. விழுந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு போவது அவளுக்குத் தெரியாத வித்தையா என்ன. மூன்றாவது பெண்ணாகப் பிறந்தவள். மூத்தவளுக்கு எடுத்த பாவாடை நடுவிலவளுக்கு இறங்கி, அவளிடமிருந்து இவளுக்கு இறங்கும்போது ஓரம் பிரித்து மடித்த தையல் தழும்பு மூன்று வரி இருக்கும். அம்மாவையும் குறை சொல்ல முடியாது, வளர்கிற பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்து என்ன பயன், ஐப்பசியில் தைத்தது சித்திரையில் கணுக்காலுக்கு மேலே நிற்கும். அவளே தன் மகளுக்கு எடுக்கும்போது கடைக்காரரிடம், "ரெண்டு சைசு பெருசாக் குடுங்க, வளர்ற புள்ள" என்றுதானே கேட்டாள். லெவல் ஏறுகிற வரைக்கும் விளையாட்டிலும் அதே கதைதான். இன்றைக்குச் செய்வது நாளன்றைக்குப் பற்றாது. செய்து முடிப்பதற்குள் நாம் அதைத் தாண்டிப் போயிருப்போம்.

ஆனால் அறுபதில் ஏணி முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே லெவல் கிடையாது, பத்துப் பேரும் அறுபதுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது, வந்த பிறகும் பத்துப் பேரும் பழைய பழக்கத்தில் விழுவதைப் பொறுக்கிக்கொண்டும் விழாததை மார்க்கெட்டில் வாங்கிக்கொண்டும் இருந்தார்கள், அவளும்தான். அது அவளுக்கு உறைத்த இடம் டெய்லர் கடை. தீபாவளிக்கு ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போனவளுக்கு அளவு டேப்பைத் தோளில் வைத்துப் பார்த்த டெய்லர், "பழைய அளவேதானுங்கக்கா, பத்து வருசமா ஒரு நூல் மாறலீங்க" என்று டேப்பைச் சுருட்டிவிட்டார். வயசானாலும் உடம்பை அப்படியே வைத்திருக்கிறீர்களே என்று அவர் பாராட்டியதாக எடுத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் வெளியே வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கிணத்துக்கடவு தாண்டியோ தாண்டாமலோ, திடீரென்று நிமிர்ந்தாள். அளவு மாறாதவளுக்குத்தானே தைக்க முடியும். அளவு மாறாதவளுக்குத் தைத்தால்தானே அது கடைசி வரைக்கும் கிடக்கும். முப்பதில் செய்தது முட்டாள்தனம் என்றால் அறுபதில் செய்யாமலிருப்பது அதைவிடப் பெரிய முட்டாள்தனம் இல்லையா, இது ஏன் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை, ஒரு தரம் சூடு பட்டதோடு உலைப் பக்கமே போகாமல் இருந்துவிட்டேனே என்று பஸ்ஸிலேயே தலையில் அடித்துக்கொண்டாள், பக்கத்து சீட்டுப் பெண் பயந்து கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். அன்று சாயங்காலமே, கேடயத்துக்கு வேண்டிய கனிமம் தேடி, விளையாட்டின் கரும்பாறைக் குழிக்குள் இறங்கிவிட்டாள். அங்கே அடிக்க ஒரு எதிரி கிடையாது, பொறுக்க ஒரு பொருள் விழாது, அதனால் ஒரு ஈ காக்கை அந்தப் பக்கம் வராது. பாறையைத் தட்டினால் பத்துக்கு ஒன்றில் கருங்கனிமம் கொஞ்சம் உதிரும். மழைக்காலம் முழுக்க, சமையல் முடித்துப் பாத்திரம் கவிழ்த்த பிறகு, வெளியே மழையும் உள்ளே டொக் டொக் என்று பாறையும். என்ன யோசித்தாள் என்று கேட்டால் ஒன்றுமில்லை. அரிசி தீர்ந்ததை யோசிக்கவில்லை, மகளின் பரீட்சையை யோசிக்கவில்லை. அவ்வளவு நிம்மதியாக அவள் இருந்ததே இல்லை.

"சுலோ!" என்று கூடத்திலிருந்து பொன்னுசாமியின் குரல், தூங்கி எழுந்த குரல். "காப்பி வெக்கலியா?" ஹெட்போனுக்கு வெளியிலிருந்து அது தண்ணீருக்கு அடியில் கேட்பது போல் வருகிறது. "இந்தா வர்றனுங்க" என்று பொதுவாகச் சொல்லிவைக்கிறாள், அதைக் கேட்டு, "எங்கக்கா வர்றீங்க? நகராதீங்க!" என்று குபேந்திரன் அலறுகிறான். அவன் அலறுவதற்குக் காரணம் இருக்கிறது. பெரியப்பா உட்காரப் போகிறார். பாதி உயிர் போனதும் அவர் அடிப்பதை நிறுத்திவிட்டுச் சம்மணம் போட்டு உட்காருவார், உட்கார்ந்து துப்ப ஆரம்பிப்பார், அந்தப் பச்சை எச்சில் ஆளை ஒன்றும் செய்யாது, கேடயத்தைத் தின்னும். நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்து நான்கு ஞாயிற்றுக்கிழமையும் இந்த இடத்தில்தான் மூக்கறுபட்டுத் திரும்பினார்கள். மார்க்கெட் கேடயம் கரையும், கேடயக்காரர் விழுவார், அவர் விழுந்ததும் வைத்தியர் விழுவார், அப்புறம் ஓடத் தெரிந்தவன் கொஞ்ச நேரம் ஓடுவான். கேடயம் கரைவதற்குள் முடித்துவிட வேண்டும், வேகம்தான் வழி என்றான் குபேந்திரன். எவ்வளவு வேகமாக அடித்தும் பெரியப்பா கொஞ்சம் மிச்சம் இருந்தார். பழுதைச் சரிசெய்ய ஊருக்குள் இருக்கிற பட்டறைக்குத்தான் போக வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. தெரியாதது ஒன்று, உலைக்களப் பலகையில் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: தன் கையால் செய்ததைச் சுத்தியல் உள்ளவர் நின்ற இடத்திலேயே செப்பனிடலாம். வாங்கியவர்களுக்கு அந்த வரி எதற்கு, அவர்கள் கேடயத்தைச் செய்தவன் எந்த நாட்டிலோ இருக்கிறான், விற்றதையே மறந்திருப்பான். அவள் சொல்லிப் பார்த்தாள். "அது சும்மா எழுதிருக்கான்க்கா" என்றான் குபேந்திரன், "சண்டைக்கு நடுவுல எவனாச்சும் சுத்தியலத் தூக்குவானா?" யாரும் தூக்கிப் பார்த்ததில்லை. அவளும் தூக்கிப் பார்த்ததில்லை, சண்டைக்கு நடுவில்.

முதல் துப்பல் வந்து அப்புகிறது. கேடயத்தின் உறுதியைக் காட்டுகிற பச்சைக் கோட்டில் ஒரு துண்டு காணாமல் போகிறது. தோசைக்கல் தடிமன் என்பதால் மெதுவாகத்தான் கரைகிறது, மினுக்கு வேண்டுமா, எடை குறைவு வேண்டுமா, வேகம் வேண்டுமா என்று உலை கேட்டபோது எதுவும் வேண்டாம், தடிமன் கொடு, இன்னும் தடிமன் கொடு என்று எல்லாக் கனிமத்தையும் அதிலேயே கொட்டினாள், ஆனாலும் கரையத்தான் செய்கிறது. இடது பக்கத்தில் ஜெயசீலன், இரண்டாவது கேடயம், அவனுடையது நீலக்கல் பதித்தது, பார்க்கக் கண் கூசும், மார்க்கெட்டில் அதைவிட மேலே ஒன்று கிடையாது. "அக்கா, என்னது பாதிக்குக் கீழ போச்சு" என்கிறான், குரலில் சிரிப்பு இல்லை, இருமலும் இல்லை. "இடுப்புல குப்பி இருக்குல்லக்கா? கேடயம் போனதும் அதக் குடிச்சு எத்தன நேரம் முடியுமோ தாங்குங்க" என்கிறான் குபேந்திரன். இடுப்பில் ஒரே ஒரு பொருள்தான் செருகிக்கொள்ள முடியும், எல்லோரும் உயிர் தரும் குப்பியைச் செருகியிருப்பார்கள். "குப்பி இல்ல" என்கிறாள். "இல்லன்னா?" "சுத்தியல் வெச்சிருக்கறேன்." காதுக்குள் யாரோ வாய் வரைக்கும் வந்த வசவைப் பாதியில் விழுங்குகிறான், அப்புறம் குபேந்திரன், மெதுவாக, "அக்கா, நம்ம கதைய முடிச்சுட்டீங்கக்கா." முடித்துவிட்டேனா. குப்பி இருந்திருந்தால் ஒரு இருபது அடி கூடத் தாங்கியிருக்கலாம், இருபது அடியில் அவர்கள் எட்டியிருக்கலாம், எனக்கு என் கேடயத்தின் பெருமை பெரிதாகப் போய்விட்டதா, பத்துப் பேருடைய ஞாயிற்றுக்கிழமையையும் வாரிச் சுருட்டி உலையில் போட்டுவிட்டேனா, அடுத்த வாரம் மரத்தடியில் அம்போடு நிற்கும்போது இவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரிக்கக்கூட மாட்டார்கள், பாவம் அக்கா என்பார்கள், நாற்காலி போடுவார்கள். அந்த நினைப்புதான். நாற்காலி போடுவார்கள் என்ற நினைப்புதான் அவளுக்கு முதுகை நிமிர்த்துகிறது.

நீலக்கல் கேடயம் உடைகிறது. கண்ணாடிக் கடைக்குள் மாடு புகுந்தது போல ஒரு சத்தம், ஜெயசீலன், "போச்சு, போச்சு" என்கிறான், துப்புவதை நிறுத்தி எழுந்த பெரியப்பா விட்ட ஒரே குத்தில், மூன்றாவது போச்சுக்கு முன்னால் விழுந்துவிடுகிறான். பெரியப்பா அவள் பக்கம் முழுசாகத் திரும்புகிறார், உறுமத் தொடங்குகிறார், தோசைக்கல்லின் கோட்டில் ஒரு விரல்கடை மிச்சம். "துஷ்யந்தா" என்கிறாள். "சொல்லுங்கோ அக்கா." "நான் கேடயத்தக் கீழ வெக்கப் போறேன். சுத்தியடிச்சு முடியற மட்டும் என்னையப் பாத்துக்கோணும்." "நீங்க நில்லுங்கோ, நான் விடமாட்டன்." கேடயம் இறங்குகிறது. சுத்தியலுக்கான விசையை அமுக்குகிறாள், திரையின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு முளைக்கிறது, நிறைய வேண்டும், நிறைகிற வரைக்கும் அடி விழலாம், உயிர் குறையலாம், ஒரு அடி நகர்ந்தால் மட்டும் கோடு அழிந்து முதலிலிருந்து. டொக். பாறை மாதிரியே சத்தம். டொக். பெரியப்பாவின் வலது தோள் ஏறுகிறது. விலகு என்று விரல் துடிக்கிறது, மூன்று வருஷமாகப் பழகிய விரல், அந்தத் தோளைப் பார்த்தால் தானாக நகரும் விரல், அதை அவள் பல்லைக் கடித்துப் பிடித்து வைக்கிறாள். அடி விழுகிறது. பாதி உயிர். துஷ்யந்தனின் வெளிச்சம் வந்து மேலே பொழிகிறது. டொக். படியில் உருண்டபோது என்ன நினைத்தாள், டிபன் பாக்ஸ் கொட்டிவிட்டதே என்று நினைத்தாள், எலும்பு உடைந்த சத்தம் கேட்டது, அதை டிபன் பாக்ஸ் சத்தம் என்று நினைத்தாள். டொக். "ஏ சுலோ, கூப்பிடறது காதுல விழுகுதா இல்லியா?" விழுகிறது, எல்லாம் விழுகிறது, ஃபேன் சுற்றுகிறது, பக்கத்து வீட்டில் குக்கர் விசில், அடுத்த அடி விழுகிறது, கால் உயிர், "அக்கா நகருங்கக்கா, நகருங்க" என்று குபேந்திரன் கெஞ்சுகிறான், "நகராதேங்கோ!" என்று அதிர்ந்து பேசாத துஷ்யந்தன் கத்துகிறான், "நில்லுங்கோ!" மழைக்காலம் முழுக்க இதைத்தானே தட்டினேன், யார் நின்றார்கள் அங்கே, நான்தானே நின்றேன், யார் செய்தார்கள் இதை, செய்தவர் சுலோச்சனா, செய்தவர் சுலோச்சனா, நகர மாட்டேன் போ, அடி, இன்னும் ஒன்று அடி, டொக்.

கோடு நிறைந்துவிட்டது. டங்.

பச்சைக் கோடு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், இப்போதுதான் உலையிலிருந்து எடுத்தது போல, முழுசாக இருக்கிறது. பெரியப்பா அடிக்கிறார், தோசைக்கல் வாங்கிக்கொள்கிறது. பெரியப்பா மறுபடி உட்கார்ந்து துப்புகிறார், துப்பட்டும், மறுபடி கரைகிறது, அவர் எழுந்ததும் மறுபடி சுத்தியலை எடுக்கிறாள், டொக் டொக் டொக், மறுபடி முழுசு. "இது... இது நடக்குதுடா" என்கிறான் யாரோ. "அப்ப அவசரமே இல்லையேடா" என்கிறான் குபேந்திரன், முதன்முறையாகப் பதற்றமில்லாத குரலில், "அக்கா நிக்கிற வரைக்கும் நம்ம நிதானமா அடிக்கலாம்டா." நிதானமாகவே அடித்தார்கள். துஷ்யந்தன் ஜெயசீலனை எழுப்பிவிட்டான், கேடயம் இல்லாத ஜெயசீலன் ஒரு தடியை எடுத்துக்கொண்டு பின்னால் போய் அடித்தான். ஒரு கட்டத்தில் பெரியப்பா திட்டத் தொடங்கி, பாதித் திட்டில் நின்று, முழங்கால் மடங்கி, அந்தக் கோபுர உடம்பு முழுவதும் அவள் காலடியில், சரியாக அவள் காலடியில், புழுதி பறக்க வந்து விழுந்தது. காதுக்குள் ஒன்பது ஊர்களும் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டன. அவளும் கத்தினாள், என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. பெருமையாக இருந்தது, அதை எதற்கு மறைக்க வேண்டும், உடம்பெல்லாம் பெருமையாக இருந்தது, மூன்று பேர் போட்டுக் கிழித்த பாவாடையைக் கடைசியாகக் கழற்றிப் போட்டவளுக்கு இருந்திருக்கக்கூடிய பெருமை. பெரியப்பாவின் மடியிலிருந்து ஒரு கேடயம் உருண்டு விழுந்தது, ஏழு வண்ணத்தில் மின்னிக்கொண்டு, நடுவில் சிங்கத் தலையோடு. அவள் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஜெயசீலா, அத நீ எடுத்துக்கப்பா" என்றாள்.

கூச்சல் அடங்கியதும் முதலில் பேசியவன் குபேந்திரன். "அக்கா. முன்வரிசை உங்களுக்குத்தான், இனி அதப் பத்திப் பேச்சே இல்ல." அப்புறம், "எனக்கும் ஒரு தோசைக்கல் செஞ்சு தர்றீங்களாக்கா?" கேட்டவன் குரலில் கிண்டலின் நிழல்கூட இல்லை. அவளுக்கு இந்த ஒரு கேள்விக்காகவே இன்னொரு மழைக்காலம் குழிக்குள் இறங்கலாம் போலிருந்தது. "நான் செஞ்சு குடுத்தா அது என்ற சுத்தியலுக்குத்தானே கேக்கும், குபேனு" என்றாள். "உனக்குந்தான் அறுவது ஆயாச்சு. இனி அளவு மாறாது. நீயே செய்யி. குழி எங்க இருக்குதுன்னு வேணா நான் காட்டறேன்."

தோளில் துண்டோடு பொன்னுசாமி வாசலில் வந்து நின்றார். கத்தின சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. அவர் திரையைப் பார்க்கவில்லை, அவள் காலைப் பார்த்தார். "என்னாச்சு சுலோ? எதுக்கு எந்திரிச்சு நின்னுட்டிருக்கற? எத்தன நேரமா நிக்கற?" அப்போதுதான் அவளும் குனிந்து பார்த்தாள். நாற்காலி எப்போதோ பின்னால் உருண்டு போய்க் கட்டில் காலில் முட்டிக்கொண்டு கிடந்தது. மேசையில் கையூன்றி, இரண்டு காலிலும் சரிசமமாகப் பாரம் போட்டு, அவள் நின்றுகொண்டிருந்தாள், ஜெயசீலன் விழுந்ததிலிருந்தா, அதற்கு முன்பேயா, தெரியவில்லை. தகடு இருக்கிற இடத்தில் வலி இருந்தது, நன்றாகவே இருந்தது. பொன்னுசாமி வழக்கம்போல நாற்காலியை இழுக்கப் போனார். "வேண்டாமுங்க" என்றாள். "இன்னிக்குக் காப்பிய நீங்க வெச்சு, எனக்கும் ஒரு டம்ளர் கொண்டாங்க. நான் இன்னுஞ் சித்த நேரம் நின்னுக்கறேன்."